வேகன் வரவில்லையா? முதலில் கட்டையைக் குத்திப் பாருங்கள்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் ஒரு கால்நடைத் தீவன ஆலையில் சரக்கு மேசை என்னுடையது. சோளமும் சோயாப் புண்ணாக்கும் மத்திய மேற்கு மாநிலங்களிலிருந்து ஹாப்பர் வேகன்களில், அதாவது அடியில் திறந்து கொட்டும் வேகன்களில், வருகின்றன. பெரிய ரயில் கம்பெனி பாதி நாட்டைத் தாண்டிக் கொண்டுவந்து ஒரு யார்டில் விடும். அங்கிருந்து எங்கள் ஆலை வரை கடைசி அறுபது மைலை ஒரு சிறிய வட்டாரக் கம்பெனி இழுத்து வரும். வேகன் வராத நாளில் உற்பத்திப் பிரிவிலிருந்து வரும் முதல் போன் எனக்குத்தான்.

இப்படிப்பட்ட சிறிய கம்பெனிகள் இந்த நாட்டில் சுமார் அறுநூறு இருக்கின்றன. 1980-இல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டத்துக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் லாபமில்லாத கிளைத் தடங்களை ஒவ்வொன்றாகக் கைகழுவின. அவற்றை வாங்கி ஓட்டுபவர்கள் இவர்கள். 350 மைலுக்கு மேல் தடம் வைத்திருந்தால் ‘ரீஜனல்’, அதற்குக் கீழே ‘ஷார்ட் லைன்’ என்று பொதுவாகச் சொல்வார்கள். தடத்தோடு பல வருஷம் செய்யாமல் விட்ட பராமரிப்பும் சேர்ந்தே கைமாறியது. கதையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ரயில் கம்பெனியின் இணையத் திரையில் நமக்குத் தெரிவது ‘தாமதம்’ என்ற ஒற்றைச் சொல். அந்தச் சொல்லுக்குப் பின்னால் பத்து வகைக் கோளாறு இருக்கலாம். மேசையில் இருந்து பார்க்கும்போது என்ன தெரிகிறது, அதற்குத் தடத்தில் என்ன காரணம் இருக்கும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ரயில் கம்பெனியின் தடத்தில் அனுமதியில்லாமல் நடப்பது இங்கே அத்துமீறல். பிரதான தடத்திலிருந்து பிரிந்து உங்கள் ஆலைக்குள் வரும் பக்கத் தடமான சைடிங்கில் மட்டும் பாருங்கள், அங்கேயும் வண்டி வரும் நேரம் தெரிந்துகொண்டு. தண்டவாளத்தைக் கடக்கும்போது அதன் தலையில் கால் வைக்காமல் தாண்டிப் போங்கள். ஈரத்தில் அது சோப்புக்கட்டி.

இன்னொன்று, சொல் பற்றி. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பரை அமெரிக்காவில் ‘டை’ என்பார்கள். நான் கட்டை என்றே எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே பெரும்பாலும் இன்னும் மரக்கட்டைதான், கிரியோசோட் எண்ணெய் ஏற்றியது. நம்மூர் காங்கிரீட் ஸ்லீப்பரை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் பாதி விஷயம் பிடிபடாது.

அறிகுறி: வாரம் ஐந்து நாள் வந்த வண்டி இப்போது மூன்று நாள்தான் வருகிறது

ஆள் பற்றாக்குறை என்பார்கள், இன்ஜின் பழுது என்பார்கள். இருக்கலாம். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எந்த மைல்கல் முதல் எந்த மைல்கல் வரை வேகத்தைக் குறைத்திருக்கிறீர்கள்?

இந்த இடத்தில் மெல்லப் போ என்ற உத்தரவு, நம்மூர் ரயில்வேயில் காஷன் ஆர்டர் என்பதை, இங்கே ஸ்லோ ஆர்டர் என்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபது மைல் கிளைத் தடம். மணிக்கு 25 மைல் என்றால் போக 2 மணி 24 நிமிடம், போய்வர 4 மணி 48 நிமிடம். ரயில் ஊழியர் ஒரு ஷிஃப்டில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது மத்திய சட்டம். ஆக, வழியில் உள்ள ஆலைகளில் வேகனை விடவும் எடுக்கவும் ஏழு மணி நேரம் மிச்சம். வசதியான நாள்.

இப்போது அதில் பாதி, முப்பது மைல், 10 மைல் வேகத்துக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். போய்வர 8 மணி 24 நிமிடம். வேகன் மாற்ற மிஞ்சுவது மூன்றரை மணி. ஏழு வாடிக்கையாளர் இருந்தால் பாதிப் பேருக்குத்தான் நேரம் இருக்கும். முழுத் தடமும் 10 மைலுக்கு இறங்கினால் போய்வரவே 12 மணி நேரம். ஒரு வேகனைக்கூடத் தொட முடியாது. ஆள் நேரம் முடிந்து வண்டி நடுவழியில் நிற்கும், வேனில் வேறு ஆள் போய் ஓட்டி வர வேண்டும். வரிசையில் கடைசியில் இருக்கும் ஆலைக்குத்தான் முதலில் அடி விழும். கடைசி ஆலை எங்களுடையது.

ஏன் 10, ஏன் 25? மத்திய ரயில் நிர்வாகமான எஃப்.ஆர்.ஏ. தடங்களை வகுப்பு பிரித்து வைத்திருக்கிறது. சரக்கு வண்டிக்கு முதல் வகுப்பில் 10 மைல், இரண்டில் 25, மூன்றில் 40, நான்கில் 60. இதில் முதல் வகுப்புதான் கடைநிலை. நம்மூர் ரயிலின் ஃபர்ஸ்ட் கிளாஸை நினைத்து ஏமாற வேண்டாம். ஒரு தண்டவாளத் துண்டின் பழைய நீளம் 39 அடி. அந்த 39 அடிக்குக் கீழே ஏறக்குறைய 24 கட்டைகள் கிடக்கும். நேர்த் தடத்தில் 10 மைல் வேகத்துக்குச் சட்டம் கேட்பது அதில் 5 நல்ல கட்டை மட்டும், அவையும் பரவலாகவும், இரண்டு துண்டு சேரும் மூட்டுக்கு அருகிலும் இருக்க வேண்டும். 25 மைலுக்கு 8. வளைவில் 6-ம் 9-ம்.

முதல் முறை படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. இருபத்து நான்கில் பத்தொன்பது உளுத்துப் போனாலும் வண்டி ஓடலாம். இன்னொரு பக்கம் பார்த்தால், ஆலைக்கு வண்டி வாரம் ஐந்து நாளா மூன்று நாளா என்பதைத் தீர்மானிப்பது ஒரு தண்டவாளத் துண்டுக்கு மூன்று கட்டை. மைலுக்கு 135 துண்டு, ஆக மைலுக்கு நானூறு கட்டை. கட்டை, ஆணி, கூலி எல்லாம் சேர்ந்து ஒன்றுக்கு நூறு டாலரைத் தாண்டும் இந்தக் காலத்தில் மைலுக்கு நாற்பதாயிரம் டாலர். நம் சரக்குக் கூலியிலிருந்துதான் அது வர வேண்டும்.

செய்ய வேண்டியது: ஸ்லோ ஆர்டர் தற்காலிகமா, வகுப்பையே இறக்கிவிட்டார்களா என்று கேளுங்கள். மழையில் அரித்த இடம் என்றால் சில வாரங்களில் சரியாகும். வகுப்பை இறக்கியிருந்தால் வருஷக் கணக்கு. அப்போது ‘ஏன் தினமும் வரவில்லை’ என்று சண்டை போடுவது வீண். அதைவிட, செவ்வாயும் வெள்ளியும் கட்டாயம் வரும், வந்தால் எட்டு வேகன் கொண்டுவரும் என்று உறுதி வாங்கிக்கொண்டு, அதற்கேற்ப சைலோவில் கையிருப்பை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நாள் தெரிந்த தாமதத்தை ஆலை தாங்கும், தெரியாததைத் தாங்காது.

யாரிடம் கேட்பது? விற்பனைப் பிரிவில் கேட்காதீர்கள். தண்டவாளச் சக்கரமும் பொருத்திய பிக்கப் வண்டியில் ஒருவர் வாரம் ஒருமுறை தடத்தைப் பார்த்துக்கொண்டு வருவார். மூன்றாம் வகுப்பு வரையான பிரதான தடத்துக்கு வாராந்தரச் சோதனை விதியில் இருக்கிறது. அவரும், அவருக்கு மேலே ரோட்மாஸ்டர் என்ற தடப் பொறுப்பாளரும்தான் உண்மை தெரிந்தவர்கள். ஒரு காபி வாங்கிக் கொடுங்கள்.

அறிகுறி: வேகன் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டு வருகிறது

இதைக் கண்ணால் பார்க்கலாம். நிரம்பிய ஹாப்பர் ஒன்று இடம் வலமாகச் சாய்ந்து சாய்ந்து வரும். மேல்மூடி சரியாகப் பூட்டாமல் இருந்தால் சோளம் சிந்தியிருக்கும், சக்கரத் தொகுதியில் ஸ்பிரிங் உடைந்திருக்கும்.

காரணம் மூட்டு. பழைய தண்டவாளம் 39 அடித் துண்டு என்றேன். நாற்பதடி நீளத் திறந்த வேகனில் ஏற்றி அனுப்பத் தோதாக வைத்த அளவு அது. அமெரிக்காவில் இரண்டு பக்கத் தண்டவாளத்திலும் மூட்டுகளை எதிரெதிரே வைக்கமாட்டார்கள். மாற்றி மாற்றி வைப்பார்கள். ஆக, பத்தொன்பதரை அடிக்கு ஒருமுறை இடப்பக்கம், அப்புறம் வலப்பக்கம். மூட்டுக்குக் கீழே ஜல்லி தளர்ந்து தாழ்ந்துவிட்டால் வேகன் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பக்கம் சாய்கிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல, மணிக்கு ஏறக்குறைய 13 முதல் 21 மைல் வேகத்தில் அந்தத் தள்ளலும் வேகனின் இயல்பான ஆட்டமும் ஒன்று சேர்ந்துகொள்ளும். பாரம் உயரத்தில் இருக்கும் வேகனில் சக்கரமே தண்டவாளத்தை விட்டு எழும்பும். அதனால்தான் விதியில் தனியாக ஒரு வரி: இரண்டாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை இப்படி மாற்றி மாற்றி மூட்டு வைத்த தடத்தில், அடுத்தடுத்து ஏழு மூட்டுகள் தாழ்ந்து, ஆறு ஜோடிகளிலும் மட்ட வித்தியாசம் ஒன்றேகால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

இதன் வினோதம், வேகத்தைக் கொஞ்சம் குறைப்பது ஆபத்தைக் கூட்டும். 25-இல் ஓடும் வண்டியை 18-க்கு இறக்கினால் ஆட்டத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது போல. ஒன்று அதற்கு மேலே, இல்லையென்றால் ஒரேயடியாக 10-க்குக் கீழே. ‘ஒரு பதினைந்திலாவது ஓட்டக்கூடாதா’ என்று ரயில்காரரிடம் கேட்டு அசடு வழிந்த அனுபவம் எனக்கு உண்டு.

சைடிங்கில் நீங்களே பார்க்கக்கூடிய அடையாளம்: மழைக்கு மறுநாள் மூட்டுகளைப் பாருங்கள். மூட்டைப் பிணைக்கும் இரும்புப் பட்டையான ஃபிஷ் பிளேட்டும் பக்கத்துக் கட்டைகளும் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தால், சக்கரம் ஏறும்போதெல்லாம் அடியிலிருந்து சேறு பீச்சியிருக்கிறது. ஜல்லிக்கு நடுவே மண் ஏறி, தண்ணீர் வடிய வழியில்லாமல் போன இடம் அது. இரும்பைத் தூக்கி ஜல்லியை இடித்துக் கெட்டிப்படுத்தினால் சில மாதம் நிற்கும். தண்ணீருக்கு வழி செய்யாவிட்டால் அடுத்த பருவத்தில் பழையபடி. தடத்தில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவற்றின் அடியில் தண்ணீர் இருந்தது. இதில் என் பங்கு ஒன்று உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

அறிகுறி: உங்கள் சைடிங்கில் சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவே இறங்கிவிட்டது

தடம் அகன்றுவிட்டது. இங்கே கேஜ், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள அகலம், நான்கடி எட்டரை அங்குலம், அதாவது 56½ அங்குலம். நம்மூர் பிராட்கேஜை விடக் குறுகல். முதல் வகுப்பில் 58 அங்குலம் வரை சட்டம் பொறுத்துக்கொள்ளும்.

டேப் எடுத்து அளக்கலாம். தண்டவாளத் தலையின் மேல்பரப்பிலிருந்து ஐந்தெட்டாம் அங்குலம் கீழே, உள்முகத்திலிருந்து உள்முகத்துக்கு. அளந்தால் 57½ வருகிறது, அரை அங்குலம் கையில் இருக்கிறது என்று நிம்மதியாகப் போய்விடாதீர்கள். வெறும் தடத்தின் அளவு அது. பாரம் ஏறும்போது தண்டவாளம் வெளியே நகர்கிறதா என்று தெரிய வேண்டும். குனிந்து, தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் இரும்புத் தட்டைப் பாருங்கள். தட்டின் ஓரத்தில் மரம் புதிதாகத் தேய்ந்து பளபளப்பாக ஒரு கோடு இருந்தால், தட்டு அங்கே போய்வந்துகொண்டிருக்கிறது. கோட்டின் அகலத்தையும் உங்கள் அளவோடு கூட்டுங்கள். ஒரு முறை எங்கள் சைடிங்கில் அரை அங்குலக் கோடு இருந்தது. ஆணியை விரலால் பிடித்து இழுத்தேன், ஊறுகாய் ஜாடியிலிருந்து ஸ்பூன் வருவது போல வந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரால் கட்டையைக் குத்தினால் பிடிவரை இறங்கியது. வெளியே பார்க்க நல்ல கட்டைதான். உள்ளே ஈரப் புண்ணாக்கு.

ஒற்றைக் கட்டை உளுத்தால் பயமில்லை. வரிசையாக நான்கு, ஐந்து சேர்ந்து உளுத்த இடம்தான் வாய் பிளக்கும், அதுவும் வளைவில். சைடிங் பிரியும் இடமான பாயிண்டுக்குப் பக்கத்து வளைவை முதலில் பாருங்கள். ஆறு அச்சு இன்ஜின் வந்தால் கூர்மையான வளைவில் தடத்தை இன்னும் தள்ளும். அதனால்தான் சிறு கம்பெனிகள் ஜி.பி.38 போன்ற பழைய நாலச்சு இன்ஜின்களை விடாமல் வைத்திருக்கின்றன. இரண்டு தண்டவாளத்தையும் இழுத்துப் பிடிக்கும் கேஜ் கம்பி போடுவது கட்டுப்போடுவது மாதிரி. கம்பியை நம்பி அடுத்த வருஷமும் கட்டை மாற்றாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

யார் செலவு? மேசை இழுப்பறையில் சைடிங் ஒப்பந்தம் இருக்கும், தேடி எடுங்கள். பொதுவாகப் பாயிண்டும் அதை ஒட்டிய கொஞ்ச தூரமும் ரயில் கம்பெனியின் பொறுப்பு, அதைத் தாண்டினால் ஆலையின் பொறுப்பு. ‘ரயில் தடம்தானே, அவர்களே பார்ப்பார்கள்’ என்று பல ஆலை மேலாளர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சக்கரம் இறங்கி, கிரேனுக்கு பில் வரும் நாளில்தான் ஒப்பந்தம் படிக்கப்படுகிறது.

அறிகுறி: ‘இந்த வேகன் கனம் அதிகம், ஏற்க முடியாது’

பெரிய கம்பெனிகளின் வழக்கமான உச்ச எடை, சரக்கும் வேகனும் சேர்த்து, 286,000 பவுண்டு. பழைய உச்சம் 263,000. பல கிளைத் தடங்கள் இன்னும் பழைய எடையில் நிற்கின்றன. வித்தியாசம் 23,000 பவுண்டு, வேகனுக்குப் பதினொன்றரை டன். இருபது வேகன் வாங்கினால் 230 டன். அதே சரக்குக்கு இரண்டு மூன்று வேகன் கூடுதலாகக் கூலி கட்டுகிறீர்கள். போட்டி ஆலை கனத் தடத்தில் இருந்தால் ஒவ்வொரு மூட்டையிலும் அது உங்களை முந்தும்.

அனுப்பும் இடத்தில் யாரோ மறந்து முழு எடை ஏற்றிவிட்டால் வேகன் இணைப்பு யார்டிலேயே கிடக்கும். அவசர மருந்து: அனுப்புபவரின் ஆணையில் ‘263-க்குள் ஏற்றவும்’ என்று நிரந்தரமாக எழுதி வையுங்கள்.

நிரந்தர மருந்துக்குத் தடை எங்கே என்று தெரிய வேண்டும். இரண்டு இடம் உண்டு. ஒன்று பாலம். 2010-இல் வந்த மத்திய விதிப்படி ஒவ்வொரு ரயில் கம்பெனியும் தன் பாலங்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பொறியாளரைக் கொண்டு கணித்து வைத்திருக்க வேண்டும், ஆண்டுதோறும் சோதிக்கவும் வேண்டும். எனவே ‘தடம் தாங்காது’ என்ற பொதுவான பதிலை ஏற்காதீர்கள். எந்தப் பாலம் என்று கேளுங்கள். அறுபது மைலில் ஒரே ஒரு பாலம்தான் தடை என்றால் மாநில மானியம் கேட்க அது அருமையான வாதம்.

இன்னொன்று தண்டவாளத்தின் கனம். இதை நீங்களே படிக்கலாம், எனக்கு மிகவும் பிடித்த வேலை. தண்டவாளத்தின் இடுப்பில், சில அடிக்கு ஒருமுறை, புடைத்த எழுத்துகள் இருக்கும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள். கெஜத்துக்கு எத்தனை பவுண்டு, எந்த ஆலை, எந்த வருஷம், அப்புறம் மாதத்தைச் சொல்லும் குச்சிக் கோடுகள். 85, 90 என்றிருந்தால் மெலிசு. 112, 115 என்றால் தெம்பு. சி.சி. என்ற எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். உருக்கிய பிறகு கட்டுப்பாட்டோடு மெல்லக் குளிரவைத்த தண்டவாளம் என்று அர்த்தம். முப்பதுகளின் கடைசியில் பரவிய முறை அது. அதற்கு முந்தைய இரும்பில் ஹைட்ரஜன் சிக்கி, வெளியே தெரியாத வெடிப்பு உள்ளேயே வளரும். 1911 ஆகஸ்ட் 25-இல் நியூயார்க் மாநிலத்தின் மான்செஸ்டரில் நடந்த விபத்தில் 29 பேர் இறந்த பிறகுதான் அந்த வெடிப்பை அடையாளம் கண்டார்கள். நூறு வயது தண்டவாளம் ஒன்றும் அதிசயமில்லை, கிளைத் தடத்தில் இன்றும் வண்டி அதன் மேல் ஓடும்.

அறிகுறி: காலையில் வந்தது, மத்தியானம் வரவில்லை, அல்லது கடுங்குளிர் வந்தால் வருவதில்லை

வெயிலில் இரும்பு நீளும், போக இடமில்லாவிட்டால் பாம்பு போல வளையும். அதனால் கோடை மதியத்தில் வேகத்தைக் குறைப்பார்கள். குளிரில் சுருங்கும், மூட்டு போல்ட் அறுந்து தண்டவாளம் விலகும். இரண்டும் வந்து போகிற கோளாறு, விட்டுவிடுங்கள். நம்மவர்களுக்குப் புதிதாக இருப்பது மூன்றாவது: மண்ணிலுள்ள ஈரம் உறைந்து உப்பி, தடத்தையே ஓரிடத்தில் மேடாகத் தூக்கிவிடும். பக்கத்துக் கட்டைகளில் தண்டவாளத்துக்கு அடியே மரத் தக்கை வைத்துச் சரிவாக்கி வண்டி ஓட்டுவார்கள். வசந்தத்தில் மண் இளகும்போது தக்கைகளை மறக்காமல் எடுக்க வேண்டும். பனி உருகும் மாதத்தில் தாமதம் கூடினால் இதுதான்.

அறிகுறி: எட்டு நாள் ஒன்றுமில்லை, ஒன்பதாம் நாள் பதினொரு வேகன், பின்னாலேயே டெமரேஜ் (வேகனைக் காக்கவைத்ததற்கான கட்டணம்) பில்

எங்கள் சைடிங்கில் ஆறு வேகன்தான் நிற்கும். மிச்சத்தை யார்டில் வைத்துக்கொண்டு, ‘தயாராக இருக்கிறது, உங்களிடம்தான் இடமில்லை’ என்று நாள் கணக்கை ஓடவிடுவார்கள். காலியாக்க இரண்டு நாள், ஏற்ற ஒரு நாள் இலவசம் என்பது பழைய வழக்கம். உங்கள் கட்டணப் பட்டியலில் என்ன என்று பாருங்கள்.

இங்கே அவசரப்பட்டு உள்ளூர்க் கம்பெனியைத் திட்டாதீர்கள். ஒவ்வொரு வேகனும் எந்த யார்டில் எத்தனை மணிக்கு வந்தது, போனது என்ற தடயம் கிடைக்கும். அதை ஒரு தாளில் வரிசையாக எழுதினால் வேகன்கள் எங்கே கொத்தாகச் சேர்ந்தன என்று தெரிந்துவிடும். எங்கள் விஷயத்தில் பாதி தடவை இணைப்பு யார்டுக்கு வரும் முன்பே, எங்கோ தொலைவில், பெரிய கம்பெனியின் கையில் சேர்ந்திருந்தன. இந்தத் தாள் இருந்தால் டெமரேஜைக் குறைக்கச் சொல்லி வாதாடலாம். தாள் இல்லாத கோபத்துக்கு ஒரு டாலர்கூடத் தள்ளுபடி கிடையாது.

உள்ளூர்த் தடம் நன்றாக இருந்தும் வாடிக்கையாளரை இழக்கலாம் என்பதற்கு மெய்ன் மாநிலத்து உருளைக்கிழங்கு உதாரணம். அரூஸ்டுக் வட்டாரத்தின் கிழங்கைப் பல தலைமுறையாக வெளியே கொண்டுபோனது பாங்கர் அண்ட் அரூஸ்டுக் என்ற ரயில் கம்பெனி. குளிரில் கிழங்கு உறையாமல் இருக்க ஹீட்டர் வைத்த வேகன்கள் அதனிடம் இருந்தன. 1968-இல் உருவான பென் சென்ட்ரல் என்ற பெரிய கம்பெனியிடம் வழியில் அவற்றை ஒப்படைக்க வேண்டியிருந்தது. 1969-70 குளிர்காலத்தில் பென் சென்ட்ரலின் குழப்பத்தில் வேகன்கள் யார்டுகளில் தேங்கின. கிழங்கு உறைந்து கெட்டது. 1970 ஜூனில் பென் சென்ட்ரல் திவாலானது. விவசாயிகள் லாரிக்குப் போனார்கள், போனவர்கள் திரும்பவில்லை. இத்தனைக்கும் தப்பு சொந்தத் தடத்தில் இல்லை.

அறிகுறி: தடத்துக்கு ‘எக்செப்டட்’ என்று பெயர் வந்துவிட்டது

இதைக் கேட்டதும் காதைக் கூர்மையாக்குங்கள். முதல் வகுப்பின் குறைந்தபட்சம்கூட இல்லை, பெரும்பாலான தட விதிகளிலிருந்து விலக்கு வாங்கி ஓட்டுகிறோம் என்று பொருள். 10 மைலுக்கு மேல் போகக் கூடாது, பயணிகள் வண்டி கூடாது, ஒரு வண்டியில் அபாயச் சரக்கு வேகன் ஐந்துக்கு மேல் கூடாது. உங்கள் பக்கத்து வாடிக்கையாளர் புரொபேன் வியாபாரி என்றால் குளிர்காலத்தில் அவர் கையைக் கட்டிப்போட்டது மாதிரி. அவர் லாரிக்கு மாறினால் தடத்தின் வருமானம் இன்னும் இறங்கும், கட்டை மாற்றப் பணம் இன்னும் குறையும், அடுத்து உங்கள் முறை.

பாங்கர் அண்ட் அரூஸ்டுக்கின் மீதிக் கதை இங்கே பொருந்தும். பின்னாளில் அதுவும் திவாலாக, அதன் தடங்களை 2003-இல் மான்ட்ரியல், மெய்ன் அண்ட் அட்லான்டிக் என்ற கம்பெனி எடுத்து நடத்தியது. காகித ஆலைகளும் மர வியாபாரமும் சுருங்க, 2010-இல் மெய்னின் வடபகுதியில் 233 மைலைக் கைவிட அனுமதி கேட்டது. வாடிக்கையாளர்கள் சும்மா இருக்கவில்லை. மாநில அரசே தடத்தை வாங்கியது, 2011 முதல் மெய்ன் நார்தர்ன் என்ற வேறு கம்பெனி அதில் வண்டி ஓட்டுகிறது. (2013 ஜூலை 6-இல் கனடாவின் லாக்-மெகாண்டிக்கில் 47 பேரைக் கொன்ற எண்ணெய் ரயில், கைவிட அனுமதி கேட்ட அந்த மான்ட்ரியல், மெய்ன் அண்ட் அட்லான்டிக்குடையதுதான். மோசமான தடத்துக்கு உதாரணமாக அதைச் சொல்பவர்கள் உண்டு, தப்பு. சரிவில் நிறுத்திய வண்டிக்குப் போதுமான கைப்பிரேக் போடாததுதான் அங்கே முக்கியக் காரணம்.)

கைவிடும் எண்ணம் இருக்கிறதா என்று முன்கூட்டியே அறிய வழி உண்டு. மூன்று ஆண்டுக்குள் கைவிடக்கூடும் என்று நினைக்கும் தடத்தைத் தங்கள் வரைபடத்தில் முதல் பிரிவாகக் குறித்துக்காட்ட வேண்டும் என்று விதி. இரண்டு வருஷம் உள்ளூர்ச் சரக்கு எதுவும் போகாத தடத்தைக் கைவிடுவது இன்னும் சுலபம். எனவே ‘இந்த வருஷம் லாரியில் சமாளிப்போம்’ என்று எல்லா ஆலையும் ஒரே நேரத்தில் முடிவெடுத்தால் தங்கள் கையாலேயே தடத்தை மூடுகிறார்கள். ஒரு வேகனாவது ஓடட்டும்.

பணத்துக்கும் கொஞ்சம் வழி இருக்கிறது. சிறு கம்பெனி தடப் பராமரிப்புக்குச் செலவழித்தால் வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை 2004-இல் வந்தது, 2020 டிசம்பரில் நிரந்தரமானது. மைலுக்கு உச்சம் 3,500 டாலர், இப்போது செலவில் 40 சதவீதம் வரை. நாற்பதாயிரம் செலவுக்கு மூவாயிரத்து ஐந்நூறு. இல்லாததற்கு இது மேல், அவ்வளவுதான். பெரிய வேலைக்கு மத்திய, மாநில மானியம்தான் வழி. அந்த விண்ணப்பத்தில் ‘தடம் 25 மைலுக்கு உயர்ந்தால் வருஷத்துக்கு இத்தனை வேகன் கூடுதலாக எடுப்போம்’ என்று ஆலை எழுதித் தரும் கடிதத்துக்கு நல்ல எடை உண்டு. கேட்டால் எழுதிக் கொடுங்கள்.

புகார் எழுதும் முன்

மேலே சொன்ன எந்த அறிகுறியாக இருந்தாலும், ‘சேவை மோசம்’ என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: ‘கடந்த நான்கு வாரத்தில் 20 நாள் எதிர்பார்த்தோம், 11 நாள் வண்டி வந்தது. வந்த நேரங்கள் இணைப்பில். எங்கள் பாயிண்டுக்கு அப்பால் மூன்றாவது மூட்டில் சேறு பீச்சுகிறது, படம் இணைப்பில். 58-ஆம் மைலில் உள்ள ஸ்லோ ஆர்டர் இதற்காகவா? எப்போது எடுப்பீர்கள்?’

நான் அப்படித்தான் ஒரு மே மாதம் எழுதினேன். நாலு நாளில் ரோட்மாஸ்டரே வந்தார். நல்ல மழை. குடை இல்லாமல் மூட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தடத்தைப் பார்க்காமல் எங்கள் கிடங்கின் கூரையைப் பார்த்தார். கூரைத் தண்ணீர் முழுவதையும் இறக்கும் ஆறங்குலக் குழாய், சைடிங்குக்கும் பிரதான தடத்துக்கும் நடுவே, அந்த மூட்டுக்கு இரண்டடி தள்ளி கொட்டிக்கொண்டிருந்தது. கிடங்கு கட்டி பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் புகாரைப் பற்றிப் பேசவில்லை. மறு வாரம் நாற்பதடி பி.வி.சி. குழாய் வாங்கித் தண்ணீரை ரோட்டோரச் சாக்கடைக்குத் திருப்பினோம். ஜூலையில் அவர்கள் ஆள் வந்து ஒன்பது கட்டை மாற்றி, ஜல்லி போட்டு இடித்துவிட்டுப் போனார்கள். 58-ஆம் மைலின் ஸ்லோ ஆர்டர் ஆகஸ்ட் பட்டியலில் இல்லை.